குழிக்கு ஒரு மூடி

ஒரு ஏக்கர் அறுபது சென்ட் சோளத்தை நான் படித்துப் படித்தே கொன்றிருக்கிறேன். பூச்சி தின்னவில்லை, பன்றி புகவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் யூரியா வாளியை அணைத்துக்கொண்டு, மூன்று புத்தகங்களின் ஆதரவோடு நானே இறங்கி, மழை ஈரம் காயாத ஒரு காலையில் வீசி வீசிக் கொன்றேன். கையை எப்படிச் சுழற்றினால் உரம் சீராக விழும் என்பதற்கு ஒரு புத்தகத்தில் படம்கூட இருந்தது. அந்தப் படத்தில் இருந்த ஆளை விட நான் அழகாகச் சுழற்றினேன் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மதினி, “தம்பி, கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிக்கிற மாதிரில்ல தெளிக்கிறீக” என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு வாளி தெளித்தேன்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. ஆண்டிபட்டிக்கு அந்தப்பக்கம், மழை பெய்தால் மட்டும் விதைக்கிற ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். நாங்கள் சின்னமனூர்ப் பக்கம், ஆற்றுத் தண்ணீரில் இரண்டு போகம் நெல் விளைகிற குடும்பம். நஞ்சைக்காரர்களுக்கு ஒரு திமிர் உண்டு; எனக்கும் இருந்தது, ஒரு சென்ட் நிலத்தில்கூட நெல் நட்டதில்லை என்றாலும் இருந்தது. மதினி வந்த புதிதில் எங்கள் சொந்தக்காரப் பெண்கள், “அங்கனயெல்லாம் குளிக்கத் தண்ணி உண்டா?” என்று அக்கறையாக விசாரிப்பார்கள். “குளிக்கிறதுக்கு இருக்கு. வீணாக்குறதுக்குத்தேன் இல்ல” என்பார் மதினி. தேவாரம் என்ற ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் இருபது சென்ட் மானாவாரிப் புஞ்சை இருந்தது. கிணறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. குடும்பத்தில் யாரும் அதைச் சொத்துக் கணக்கிலேயே வைத்ததில்லை. மதினி அதை எடுத்துப் பார்த்தார். அண்ணன் மோட்டார் காயில் கட்டும் கடையில் உட்கார்ந்திருக்க, இவர் பஸ் ஏறிப் போய் வெள்ளாமை வைத்தார். வருடா வருடம் சோளமும் பயறும் வீடு வந்து சேரும். அதை எல்லாரும் தின்றோம். அது எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு மாசி மாதம் அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டான். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்த சொந்தமெல்லாம் சித்தப்பா வீட்டில் கூடியிருந்த மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு சித்தப்பா பேச்சை எடுத்தார். செங்கல் சூளைக்காரர் ஒருவர் அந்தப் புஞ்சையைக் கேட்கிறார். மூன்றடி மண் எடுத்துக்கொள்வார். சித்தப்பா கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். இறந்தவனின் மனைவி வெயிலில் சாகக் கூடாது என்றுதான் நினைத்தார். “பொம்பளப்பிள்ள ஒத்தையில அங்கன கெடந்து எதுக்கு லோல்படணும்? நெலம் எங்கயும் ஓடிப்போகாது. பள்ளமா இருந்தாலும் நம்ம பேர்லதேன் கெடக்கும்” என்றார்.

எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்த மதினி நிமிர்ந்தார். “மண்ணக் குடுத்துட்டுப் பேர வச்சு என்ன மாமா செய்யுறது, நாக்கா வழிக்கிறது?”

எங்கள் வீட்டில் மருமகள் ஒருத்தி சித்தப்பாவிடம் அப்படிப் பேசியதில்லை. மருமகன்களே பேசியதில்லை. வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. சித்தப்பா முகம் சிவந்து, “பாதி இவன் பாகம். இவன் சொல்லட்டும்” என்று என்னைக் காட்டினார். நான் தலையாட்டத் தயாராகத்தான் போயிருந்தேன். தேனியில் ஒரு கல்லூரி நூலகராக இருந்தேன். அந்தப் புஞ்சைக்கு வழி கேட்டால்கூடத் தடுமாறுவேன். ஆனால் மதினி என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் எதுவும் இல்லை. நீ எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளும் சாதாரண ஆர்வம் மட்டும் இருந்தது. அது எப்படியோ என் ரோஷத்தில் பட்டுவிட்டது. “என் பாதியில நானே வெள்ளாமை வைக்கப்போறேன்” என்று சொன்னேன். சித்திக்குப் புரையேறியது.

“நீயா?” என்றார் சித்தப்பா. “ஏலே, நெத்துக்கும் கருதுக்கும் ஒனக்கு வித்தியாசம் தெரியுமாடா?”

“படிச்சுக்கிறேன் சித்தப்பா.”

“படிச்சுக்கிருவானாம்!” கூட்டம் சிரித்து ஓய்ந்ததும் அவர் தீர்ப்புச் சொன்னார். சூளைக்காரருக்கு மூன்று ஏக்கரும் சேர்ந்துதான் வேண்டும். தை மாதம் வரை பார்ப்பது. தையில் எந்தப் பாதி வெறுங்காடாகக் கிடந்தாலும் இரண்டு பேரும் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். மதினி ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். அவருடைய நிலம் என் விவசாயத்தை நம்பி நிற்கிறது என்பது எனக்குப் புரிவதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. “சரி மாமா” என்றார். இலையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

வைகாசியில் மதினி ஒரு ஆட்டுக்கிடையைக் கூட்டி வந்தார். இருநூறு செம்மறி. பகலில் மேய்ந்துவிட்டு இரவில் புஞ்சையில் அடையும். தினம் ஒரு பக்கம் வேலியை நகர்த்துவார்கள். பத்துப் பதினைந்து நாளில் மூன்று ஏக்கரும் புழுக்கையும் மூத்திரமுமாக நாறிக்கிடந்தது. என் பாதியிலும் ஆடுகள் படுத்தன. ஆட்டைப் பற்றி அதுவரை எந்தப் புத்தகமும் படித்திருக்கவில்லை, அதனால் தடுக்கவில்லை. அந்த வருடம் நான் புஞ்சைக்குச் செய்த ஒரே நன்மை அந்த அறியாமைதான்.

புரட்டாசியில் நல்ல மழை. நான் டிராக்டர் வைத்து உழுது, சோளத்தை நெருக்கமாக, சோளத்தை மட்டும் விதைத்தேன். ‘தனிப்பயிர்’ என்ற சொல்லில் ஒரு கௌரவம் இருந்தது. அடுத்த பாதியில் மதினியும் ஆறு பெண்களும் களைக்கொத்தால் குழி பறித்துக்கொண்டிருந்தார்கள். நாலு சால் சோளம், இரண்டு சால் தட்டாம்பயறு, மறுபடி நாலு சால் சோளம். ஓரம் முழுக்கத் துவரை. ஒவ்வொரு பெண்ணின் கையிலும் ஒரு சோடா மூடி. குழிக்கு ஒரு மூடி டி.ஏ.பி. உரம், அதன்மேல் ஒரு கை மண், அதன்மேல் நாலு விதை, மறுபடி மண். வெயிலில் குனிந்து குனிந்து நாலைந்து நாள் அந்த வேலை நடந்தது. இந்தச் செய்தி சின்னமனூர் போய்ச் சேர்ந்ததும் சித்தப்பா டீக்கடையில் உட்கார்ந்து, “ஒவ்வொரு சோளத்துக்கும் சங்குல பாலூட்டுறாளாம்ல! ஏப்பமும் எடுத்துவிடுவா போல” என்று சொன்னதாகக் கேள்வி.

நானும் அறிவுரை சொன்னேன். தட்டாம்பயறு சோளத்துக்குப் போட்டி, பக்கத்தில் விடக்கூடாது என்று பக்க எண்ணோடு சொன்னேன். மதினி குழியிலிருந்து நிமிராமலே பதில் சொன்னார்: “அது ஒசரத்துல நிக்கும். இது தரையில படுத்துக்கிரும். ரெண்டுக்கும் என்ன சண்ட? ஒங்க பாதியிலதேன் எல்லாம் ஒரே ஒசரம். அங்கனதேன் அடிதடி நடக்கும்.”

“சரி, இந்த மூடிக் கணக்கு எங்க படிச்சீங்க மதினி?”

“எங்க படிக்கிறது? ஒரு வருசம் உரம் தட்டுப்பாடு, அரை மூட்டதேன் கெடச்சது. ஒங்க அண்ணன் வேணாம், விட்ருன்னாக. நான் மூடியில அளந்து குழிக்குக் குழி பங்கு வச்சேன். அந்த வருசம் வௌஞ்ச மாதிரி அதுக்கு முன்னால வௌஞ்சதில்ல.”

அவர் உரத்துக்கு எதிரியோ என்று நான் சந்தேகித்திருந்தேன். அப்போது நாட்டில் அப்படி நிறையப் பேர் கிளம்பியிருந்தார்கள். யூரியா என்ற சொல்லைக் கேட்டாலே கையைக் கழுவிக்கொள்வார்கள். மதினி அந்தக் கட்சியும் இல்லை, மூட்டை மூட்டையாகக் கொட்டுகிற சித்தப்பாவின் கட்சியும் இல்லை. “பசிச்ச வயித்துக்கு ஒரு வாய் குடுக்கணும். அதுக்காக அண்டாவையா கவுக்கிறது? செரிக்கத் தண்ணி வேணும்ல தம்பி. இங்கன தண்ணி எங்க இருக்கு?” என்றார். தண்ணீர் நிற்கிற வயலில் உரம் வீசுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். தண்ணீர் என்பது வயலோடு பிறந்தது என்றே நினைத்திருந்தேன். அந்தத் தப்பைச் செய்ய ஆற்றங்கரையில் பிறந்திருக்க வேண்டும்.

விதைத்த மூன்றாவது வாரம், ஒரு மழைக்கு மறுநாள், முதல் பத்தியில் சொன்ன பன்னீர் தெளிப்பு நடந்தது. பத்தே நாளில் என் சோளம் கருகருவென்று எழுந்தது. மதினியின் சோளம் அதன் இடுப்புக்கு நின்றது. போனில் படம் எடுத்து நூலகத்தில் எல்லாருக்கும் காட்டினேன். சித்தப்பாவுக்கும் அனுப்பினேன். “பரவால்லயேடா” என்று பதில் வந்தது. வாழ்நாளில் அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

பிறகு ஐப்பசி முழுக்க மேகம் மலை உச்சிக்கு வந்து எங்களை எட்டிப் பார்த்துவிட்டுக் கேரளாவுக்குத் திரும்பிப் போனது. முதலில் மத்தியானங்களில் மட்டும் என் சோள இலைகள் சுருட்டிக்கொண்டன. பிறகு காலையிலும் சுருண்டே இருந்தன. குருத்தில் உரக்குருணை தங்கிய செடிகள் ஏற்கெனவே வெந்துபோயிருந்தன. தின்று கொழுத்து உயர்ந்த செடிகளுக்குத் தாகமும் அதிகம். இருந்த ஈரத்தையெல்லாம் ஒரு வாரத்தில் குடித்துத் தீர்த்துவிட்டு வரிசை வரிசையாகச் சாய்ந்தன. பக்கத்துப் பாதியில் மதினியின் குட்டைச் சோளம் வாடித்தான் இருந்தது, ஆனால் நின்றது. தட்டாம்பயறுக் கொடி தரையை மூடிக் கிடந்தது. அதை விலக்கிக் கையை வைத்துப் பார்த்தேன். மண் குளிர்ந்திருந்தது. என் பாதியில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை.

அழிந்ததிலும் ஒரு லாபம் பார்ப்போமே என்று நினைத்து, வாடிய சோளத்தை அறுத்து மதினி வீட்டுப் பசுவுக்குப் போட ஒரு கட்டுக் கட்டினேன். மதினி சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். “கீழ போடுங்க! மாட்டக் கொல்லப் பாக்குறீகளா?” வாட்டத்தில் நிற்கிற இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம், தின்றால் கொஞ்ச நேரத்தில் மாடு விழுந்துவிடும் என்று மானாவாரி ஊரில் எல்லாருக்கும் தெரியுமாம். எனக்குத் தெரியாது. என் மூன்று புத்தகங்களில் ஒன்றில் அது இருந்ததைப் பிறகு கண்டுபிடித்தேன். நான் அந்த அத்தியாயம் வரை போயிருக்கவில்லை.

கார்த்திகை பிறந்த வாரம் சித்தப்பா காரில் வந்து இறங்கினார். என் பாதியை ஒரு சுற்றுப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. மதினியிடம்தான் பேசினார். “ஒம்பாட்டுக்கு நீ பாடுபட்டிருக்கத்தா. இல்லேன்னு சொல்லல. ஆனா பாதி செத்துருச்சு. பேச்சுன்னா பேச்சு.”

மதினி கையிலிருந்த தட்டாங்காய்களை மடியில் போட்டுக்கொண்டார். “பேச்சுன்னா பேச்சுதேன் மாமா. தைன்னு சொன்னீக. இது கார்த்திக. இன்னும் தை பொறக்கல.”

“செத்த சோளம் தையில எந்திரிச்சு நிக்குமாக்கும்?”

“அது நிக்காது. நான் நிப்பேன்ல?”

அண்ணன் செத்தபோது அழுததற்குப் பிறகு அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த இடத்தில்தான். அதுவும் கோபம். சித்தப்பா காரில் ஏறியதும் மதினி என் பக்கம் திரும்பினார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். நூலகத்தில் சேர்த்துவைத்திருந்த நல்ல தமிழெல்லாம் வாயில் வந்து நின்றது. “அதெல்லாம் பெறகு கேட்டுக்கலாம். மொதல்ல அந்தச் சோளத் தட்டையப் புடுங்குங்க” என்றார்.

பிடுங்கினேன். ஒரு ஏக்கர் அறுபது சென்ட். இரண்டு வாரம் லீவு போட்டு, கூலிக்கு வந்த ஆட்களோடு நானும் பிடுங்கினேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. அறுவடை செய்து அல்ல, சொந்த முட்டாள்தனத்தை வேரோடு பறித்துத் தோல் உரிந்த விவசாயி அந்தப் பள்ளத்தாக்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கார்த்திகைக் கடைசியில் ஒரே ஒரு மழை பெய்தது. மறுநாள் விடிந்ததும் மதினி என் பாதியில் கொள்ளு விதைத்தார். கொள்ளுக்கு அந்த ஒரு மழையும் பனியும் போதுமாம். “உரம்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. “ஒங்க புண்ணியத்துல இந்தப் பக்கம் ரெண்டு வருசத்துக்கு உரப்பேச்சே வேணாம்” என்றார். கூலிப் பெண்கள் விதைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

தை மூன்றாம் நாள் சித்தப்பா வந்தார். வடக்கே மதினியின் சோளம் கருது பிடித்துத் தலை கனத்து நின்றது. தட்டாம்பயறு பறித்து முடிந்து, கொடி மட்டும் கிடந்தது. துவரை பூவும் காயுமாக நின்றது. தெற்கே, நான் கொன்ற இடத்தில், கொள்ளு மண் தெரியாமல் படர்ந்து பூ விடத் தொடங்கியிருந்தது. ஆயிரம் குறை இருந்தாலும் சித்தப்பா விவசாயி. விளைந்த பயிரைப் பார்த்து விளையவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. புஞ்சையை முழுக்கச் சுற்றினார். ஒரு சோளக் கருதைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். ஒரு கொள்ளுச் செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். பிறகு வேட்டியில் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டுக்கொண்டே, யாரோ ஒருவரிடம் கேட்பதுபோலக் கேட்டார்:

“ஏத்தா, அந்த மூடி எங்கன கெடைக்கும்?”

“பொட்டிக்கடைக் குப்பையில மாமா. காசு கேக்க மாட்டாக.”

இதெல்லாம் நடந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மதினிக்கு இப்போது முட்டி வலி. குழி பறிக்கக் குனிய முடியாது. வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குனிகிறவர்களை ஏவுகிறார். பக்கத்துப் புஞ்சைகள் இரண்டு சூளைக்குப் போய்விட்டன. மழைக்காலத்தில் அவற்றில் தண்ணீர் நிற்கிறது, ஆகாயத்தாமரை முளைக்கிறது. உரிமையாளர்கள் பேரில்தான் இருக்கின்றன. வருடம் ஒரு ஆள் எங்கள் புஞ்சையைக் கேட்டு வருகிறார். ஒருவர் சோலார் பலகை வைக்கக் கேட்டார். ஒருவர் பிளாட் போட்டுக் கலர்க் கல் நட்டுத் தருவதாகச் சொன்னார். எல்லாருக்கும் மதினி மோர் கொடுத்து அனுப்புகிறார்.

படித்த நண்பர்கள் என்னிடம், மூன்று ஏக்கரில் ஒரு பெண்பிள்ளை சோடா மூடியை வைத்துக்கொண்டு என்ன சாதித்துவிட முடியும், இதையெல்லாம் பெரிதாக எழுதலாமா என்று கேட்கிறார்கள். எழுதலாம். எழுதத்தான் போகிறேன். மழையை நம்பிய மண்ணில் விளையாது என்று முடிவு கட்டுகிறவர்கள் யாரும் அந்த மண்ணில் குனிந்து பார்த்தவர்களாக இல்லை. நானும் அவர்களில் ஒருவனாக இருந்தேன், அந்த ஜாதியை எனக்கு உள்ளும் புறமும் தெரியும். அவர்களுக்கு நிலம் மோசம் என்று சொல்வதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அந்த நிம்மதியைக் கெடுப்பதற்காகவாவது எழுதுவேன். புத்தகங்களையும் நான் கைவிட்டுவிடவில்லை. இப்போது கடைசி அத்தியாயம் வரை படிக்கிறேன். புஞ்சையில் எனக்கென்று ஒரு வேலையும் ஒதுக்கப்பட்டிருக்கிறது: விதைப்புக்கு முன்னால் தேனி பெட்டிக்கடைகளில் மூடி பொறுக்குவது. உரத்தைத் தொட அனுமதி இல்லை.

சொல்லக் கூச்சமாக இருப்பதால் ஒன்றைக் கடைசிக்குத் தள்ளி வந்திருக்கிறேன். சித்தப்பா வந்துபோன மறு வாரம் சூளைக்காரர் புஞ்சைக்கே வந்தார். கையில் ஒரு பை. மதினி சோளம் அறுத்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் வேப்பமரத்தடியில் இருந்தேன். என் நேரம் வந்துவிட்டது என்று தெரிந்தது. அவரை உட்காரச் சொல்லி, நின்றபடியே பேச ஆரம்பித்தேன். ஒரு விரல்கடை மேல்மண் உண்டாக எத்தனை தலைமுறை ஆகும் என்பதிலிருந்து தொடங்கினேன். என் அண்ணன், அவன் கடை, மதினியின் உழைப்பு, பயறு வேரின் மகிமை, பள்ளமாகிப்போன ஊர்கள், வரப்போகிற சந்ததிகள் என்று ஒன்றையும் விடவில்லை. தலையே போனாலும் இந்தக் கை அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாது என்று கையைத் தூக்கிக் காட்டி முடித்தேன். அரை மணி நேரம் இருக்கும். அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் அரிவாளை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சூளைக்காரர் மரியாதையாகக் கடைசி வரை கேட்டார். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்து, “நல்லாப் பேசுனீக சார். நான் கையெழுத்துக் கேக்க வரல. போன மாசம் ஒங்க சித்தப்பாகிட்டச் சொல்லி இங்கன நாலு கூடை மண்ணு அள்ளிட்டுப் போயி செங்கல்லு அறுத்துப் பாத்தேன். பூராம் எருவும் வேருமாக் கெடக்கு. சூளையில வச்சா கல்லு வெடிச்சுப்போகுது. இந்த மண்ணு எதுக்கும் ஆகாதுன்னு சொல்லிட்டுப் போகத்தேன் வந்தேன்” என்றார்.